ஒரு மணிக்கு ஊதிய சங்கு

கையெழுத்துப் போடுவதற்கு முன் அவர் ஒரு கேள்வி கேட்பார்: "இது நடக்கும்போது நான் அங்க இருந்தேனா சார்?" இருந்திருந்தால் போடுவார். இல்லாவிட்டால் பேனாவை மூடி வெள்ளைக் கோட்டின் பையில் செருகிக்கொள்வார். பென்னலூர்ப் பக்கத்தில் இருந்த அந்தச் சிறிய மருந்து ஆலையில் தர உறுதிப் பிரிவுக்கு நான் தலைவனாக இருந்த காலத்தில், என்னை அதிகம் எரிச்சலூட்டியது அந்தப் பேனா மூடியின் 'டக்' என்ற சத்தம்தான்.

ஆலைகளில் கையெழுத்து எப்படி விழுகிறது என்று தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். ஒவ்வொரு வேலைக்கும் தாளில் இரண்டு கட்டங்கள்: செய்தவர், சரிபார்த்தவர். செய்பவர் செய்யும்போது சரிபார்ப்பவர் அருகில் நிற்க வேண்டும் என்பது விதி. சரிபார்த்தவர் அந்த நேரத்தில் கேன்டீனில் இருந்திருப்பார், ஷிப்ட் முடியும்போது பஸ் போய்விடுமோ என்று சன்னலைப் பார்த்தபடி கட்டுக்கட்டாகக் கையெழுத்திடுவார் என்பது நடைமுறை. விதிகளை எழுதியவன் நான். எழுதியவனுக்கு அவை எங்கெங்கே வளையும் என்பதும் தெரிந்திருக்கும்.

அந்த மேற்பார்வையாளர் பெண்ணுக்கு முப்பது வயது இருக்கும். திருநெல்வேலிப் பக்கம். ஸ்ரீபெரும்புதூரில் ஓர் அறையில் தெற்கத்திப் பெண்கள் நான்கு பேரோடு தங்கியிருந்தார். நேர்முகத் தேர்வில் அவரிடம், எங்கள் மருந்து செய்வதன் முதல் படியைப் பற்றி, "பப்பேன் போட்டு ஆன்டிபாடியை வெட்டியிருக்கிறீர்களா?" என்று கேட்டேன். மற்ற எல்லோரும் "எஸ் சார்" என்று சொல்லிவிட்டுப் போன கேள்வி அது.

"மூணு தடவ செஞ்சிருக்கேன் சார். ரெண்டு தடவ வெட்டுச்சு. மூணாவது தடவ ஜெல் ஓடும்போது கரண்ட் போயிட்டு. அதனால வெட்டுச்சான்னு நான் சொல்ல மாட்டேன்."

எம்.டி. சிரித்துவிட்டார். வேலை கிடைத்தது. அந்தச் சிரிப்புக்காக எம்.டி. பின்னால் வருத்தப்பட்டிருப்பார்.

நாங்கள் செய்த பொருளைப் பற்றி நான் சொல்வதைவிட அவர் எங்கள் வேன் டிரைவரிடம் சொன்னதே நன்றாக இருக்கும். டிரைவர் பென்னலூர்க்காரர், நாற்பது வயது. மருந்துக் குப்பிகளை ஐஸ் பெட்டியில் வைத்துச் சென்னையில் ஒரு புற்றுநோய் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவது அவர் வேலை. ஒருநாள் டீ நேரத்தில் கேட்டார்: "இந்தக் குப்பில இன்னா மேடம் கீது? பாத்தா வெறும் உப்பு மாதிரி கீது."

"அண்ணே, படப்பை கடைத்தெருவுக்குள்ள கன்டெய்னர் லாரி போனா என்ன ஆகும்?"

"மாட்டிக்கினு நிக்கும். நாள் பூரா ஜாமு."

"ஆன்டிபாடிங்கறது அந்த லாரி. புத்துநோய்க் கட்டியத் தேடிப் போயிப் பிடிச்சுக்கிடும். ஆனா பெருசு. நாள்கணக்குல ரத்தத்துலயே சுத்தும், ஈரல்ல போய் நிக்கும். அதுக்கு ரெண்டு கை இருக்கு, அந்தக் கைதான் கட்டியப் பிடிக்கும். நாங்க பப்பாளிப் பால்ல இருந்து எடுக்கற பப்பேனப் போட்டு அந்தக் கைய மட்டும் வெட்டி எடுக்கோம். கை சைக்கிள் மாதிரி. சந்து பொந்துல போயிரும். கட்டி கிடைச்சா பிடிச்சுக்கிடும், கிடைக்காதது மூத்திரத்துல வெளிய போயிரும். ஆஸ்பத்திரில அதுல கதிர் வீசுற மருந்த ஏத்தி ஊசி போடுவாங்க. சாயங்காலம் கேமராவுல பாத்தா கட்டி இருக்கிற எடம் மட்டும் மின்னும்."

"அப்போ லாரிய ஒடச்சி சைக்கிள் பண்றீங்கோ."

"அவ்வளவுதாண்ணே. ஒடையாத லாரி ஒண்ணு கூட உள்ள போயிரக் கூடாது. அதத்தான் நான் பாக்கேன்."

டிரைவர் டீ டம்ளரைக் கீழே வைத்தார். பிறகு, "எங்க அக்காவுக்கு இத்த போடுவாங்களா மேடம்?" என்றார். அப்போதுதான் எங்களுக்குத் தெரிந்தது. அக்காவுக்குக் குடலில் கட்டி எடுத்து ஒன்றரை வருடம். இப்போது ரத்தப் பரிசோதனையில் புற்றுநோயைக் காட்டும் எண் ஏறிக்கொண்டிருந்தது. மறுபடியும் எங்கோ வந்திருக்கிறது, எங்கே என்று எந்தப் படத்திலும் தெரியவில்லை. ஒரே இடமென்றால் திறந்து எடுத்துவிடலாம் என்றும், ஈரலெங்கும் பரவியிருந்தால் தொடமாட்டோம் என்றும் டாக்டர் சொல்லியிருந்தார். அதே ஆஸ்பத்திரி, அதே டாக்டர். எங்கள் குப்பியைச் சோதனை முறையில் பயன்படுத்துபவரும் அவரே. அக்காவின் பெயர் அந்தப் பட்டியலில் சேர்ந்தது.

அந்தப் பெண்ணின் பேனா மூடும் குணம் ஆலைக்குள் மட்டும் இருந்திருந்தால் பொறுத்துக்கொண்டிருக்கலாம். கணக்குப் பிரிவுப் பையன் ஒருவனுக்குப் பதிவுத் திருமணம். சாட்சிக்கு இவரையும் அழைத்திருந்தான். பஸ் தாமதமாகி இவர் போய்ச் சேர்ந்தபோது மாப்பிள்ளையும் பெண்ணும் கையெழுத்திட்டு முடித்திருந்தார்கள். "நான் பாக்கலியே" என்று நின்றுவிட்டார். பதிவாளர் கத்தினார். பெண்ணின் அம்மா அழத் தொடங்கினாள். கடைசியில் வாசலில் டீ குடித்துக்கொண்டிருந்த ஒரு புரோக்கரைப் பிடித்துச் சாட்சியாக்கினார்கள். இவர் மொய்க்கவரைக் கொடுத்துவிட்டு, சாப்பாட்டில் இரண்டாம் முறை பாயசம் வாங்கிச் சாப்பிட்டுவிட்டு வந்தார். யார் மீதும் கோபமில்லை.

இன்னொரு முறை என் மகளைப் பற்றிப் பேச்சு வந்தது. மணமாகி வடக்கே போயிருந்தாள். சந்தோஷமாக இருக்கிறாள் என்றேன். "நேர்ல பாத்தீங்களா சார்?" என்றார். குத்தலாக இல்லை, பேட்ச் நம்பரைக் கேட்கும் அதே குரலில். இரண்டு நாள் நான் அவரோடு பேசவில்லை. மூன்றாம் நாள் ரயிலுக்கு டிக்கெட் எடுத்தேன். அங்கே நான் பார்த்ததை இங்கே எழுதப்போவதில்லை. போனது நல்லதாயிற்று என்பது மட்டும் போதும். திரும்பி வந்தபின் அவருக்கு நன்றி சொல்லவில்லை. அன்றிலிருந்து அவர் அருகில் வந்தாலே, நான் வேறு எதையெல்லாம் பார்க்காமல் நம்பிக்கொண்டிருக்கிறேன் என்று மனம் பட்டியல் போடத் தொடங்கிவிடும்.

அந்தச் செவ்வாய்க்கிழமைக்கு வருகிறேன்.

டிரைவரின் அக்காவுக்கு அன்று ஊசி. அதற்கான புதிய பேட்ச் தயாராகி, பரிசோதனையில் தேறி, என் மேசைக்கு வந்திருந்தது. நான் கையெழுத்திட்டால் குப்பிகள் வேனில் ஏறும். புரட்டிப் பார்த்தேன். ஒரே ஒரு கட்டம் காலி. 'பப்பேன் வெட்டு நிறுத்திய நேரம் 2.00. செய்தவர்' என்பதில் ஆபரேட்டரின் கையெழுத்து. 'சரிபார்த்தவர்' வெறுமையாக இருந்தது. அவரைக் கூப்பிட்டேன்.

"என்னம்மா இது? ஒரு கட்டம் காலியா இருக்கு."

"அன்னிக்கு அந்த நேரம் நான் உங்க வகுப்புலல்லா இருந்தேன் சார்."

உண்மைதான். பத்து நாள் முன்பு, பன்னிரண்டு முதல் மூன்று மணி வரை மேற்பார்வையாளர்கள் அனைவரையும் உட்காரவைத்து ஒரு வகுப்பு எடுத்திருந்தேன். தலைப்பு: ஆவணங்களில் முறையாகக் கையெழுத்திடுவது எப்படி.

"பத்து மணிக்கு ஆரம்பிச்சு ரெண்டு மணிக்கு நிறுத்தறோம். நாலு மணி நேரம். ஒரு நாளாவது மாறியிருக்கா?"

"நான் பாத்த நாள்ல மாறினதில்ல. அன்னிக்கு நான் பாக்கல."

"டெஸ்ட் பாஸ் ஆயிடுச்சு. ஜெல்ல வெட்டுன துண்டோட ஒரே கோடுதான். இன்னும் என்ன வேணும் உனக்கு?"

"டெஸ்டுக்கு எடுத்தது மொதல் பாட்டில்ல இருந்து சார். ரெண்டாவது பாட்டில யாரும் பாக்கல."

முதல் பாட்டிலிலிருந்து எடுக்க வேண்டும் என்று விதியை எழுதியவனும் நானே. பேனா மூடியின் சத்தம் கேட்டது. அதே நேரம் கதவருகில் டிரைவர் வந்து நின்றார்.

"சார், மணி ஒம்போதாவுது. பூந்தமல்லில மாட்டிக்கினா அவ்ளோதான். அக்காவ காத்தாலயே இட்டுகினு போய் அங்க குந்த வெச்சிட்டு வந்துகீறேன். அந்த கேமரா நமக்கு செவ்வாக்கெழம மட்டும்தான் குடுப்பாங்களாம். இன்னிக்கி வுட்டா அடுத்த வாரம்."

"பாருங்க, இவங்க கையெழுத்துக்குத்தான் நிக்குது" என்றேன். அதைச் சொல்லியிருக்க வேண்டியதில்லை. சொன்னேன்.

டிரைவர் அவர் பக்கம் திரும்பினார். "ஒரு கையெழுத்துதான மேடம். போட்ருங்க மேடம். எங்க அக்கா மேடம்."

"போடும்மா" என்றேன் நானும்.

அவர் டிரைவரின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு பேனாவைத் திறந்து கையெழுத்திட்டார். எல்லோரும் செய்வதுபோல் பழைய தேதியைப் போடாமல் அன்றைய தேதியைப் போட்டார். வேன் கிளம்பியது. எனக்கு உள்ளுக்குள் ஒரு வெற்றிக் களிப்புக்கூட இருந்தது.

மறுநாள் காலை பதினொன்றுக்கு நான் அறைக்குள் நுழைந்தபோது அவர் என் நாற்காலிக்கு எதிரே உட்கார்ந்திருந்தார். மேசையில் இரவெல்லாம் சாயத்தில் ஊறி எடுத்த ஜெல் ஒன்று, பெரியதையும் சிறியதையும் தனித்தனிக் கோடாகப் பிரித்துக் காட்டும் மெல்லிய பாகுத் தகடு, கண்ணாடித் தட்டில் ஈரமாக. அந்த பேட்ச்சின் கடைசிக் குப்பியிலிருந்து அவராகவே எடுத்து ஓட்டியது. எந்த விதியும் அப்படிச் செய்யச் சொல்லவில்லை. கீழே வெட்டுப்பட்ட துண்டின் கோடு. மேலே, இருக்கவே கூடாத இடத்தில், இன்னொரு கோடு, பென்சிலால் அழுத்தி இழுத்ததுபோல். வெட்டுப்படாத முழு ஆன்டிபாடி.

"நேத்து சாயங்காலத்துல இருந்து மனசு கேக்கல சார்" என்றார்.

ஆபரேட்டரைக் கூப்பிட்டோம். சேரப்பணஞ்சேரிக்காரர், ஐந்து வருட அனுபவம். எப்போது நிறுத்தினாய் என்று கேட்டேன்.

"ரெண்டு மணிக்கு சார். சங்கு ஊதுச்சி, நிறுத்திட்டேன்."

"எந்தச் சங்கு?"

"பக்கத்து கம்பெனி சங்கு சார். ரெண்டு மணி ஷிப்ட்டு சங்கு. எப்பவும் அத்த கேட்டுதான நிறுத்தறோம்?"

எப்பவுமா? வெட்டும் அறையில் சன்னல் கிடையாது. சுவர்க் கடிகாரம் நின்று மாதக்கணக்காகியிருந்தது. சான்றிதழ் ஒட்டிய டைமர் ஒன்று உண்டு. எடுத்துப் பயன்படுத்தினால் கெட்டுவிடும், ஆய்வாளர் வரும்போது காட்ட வேண்டும் என்று அதை அலமாரியில் வைத்துப் பூட்டியிருந்தார்கள். பூட்டச் சொன்ன சுற்றறிக்கை என்னுடையது. வண்டிப் பாகங்கள் செய்யும் பக்கத்து ஆலையின் சங்கு ஒருநாளும் தவறாது என்று இவர்கள் அதையே கடிகாரமாக்கிக்கொண்டிருந்தார்கள். தான் பக்கத்தில் நின்று சரிபார்த்த நாட்களில் தன் கைக்கடிகாரத்தைப் பார்த்ததாகவும், சங்கும் கடிகாரமும் எப்போதும் ஒத்துப்போனதாகவும் அவர் சொன்னார்.

அவர் எழுந்து பக்கத்து ஆலையின் வாசலுக்குப் போனார். பத்து நிமிடத்தில் திரும்பினார். அன்று அங்கே வெளிநாட்டு விருந்தாளிகள் வந்ததால் முதல் ஷிப்டை ஒரு மணிக்கே விட்டிருக்கிறார்கள். செக்யூரிட்டியின் பதிவேட்டைத் தானே பார்த்ததாகச் சொன்னார்.

"சங்கு கேட்டதும் எனக்கு பசியே எடுக்கல சார்" என்றார் ஆபரேட்டர் பரிதாபமாக. "நாஷ்டா ஹெவின்னு நெனச்சிகினேன்."

நான்கு மணி நேர வெட்டு மூன்றில் நின்றிருக்கிறது. வெட்டுப்படாதவற்றைப் பிடித்து நிறுத்தும் வடிகட்டிக் குழாய் தன்னால் முடிந்தவரை பிடித்திருக்கிறது. நிரம்பியதும், மிச்சம் வழிந்து இரண்டாவது பாட்டிலுக்குப் போயிருக்கிறது. முதல் பாட்டில் சுத்தம், பரிசோதனை சுத்தம், ஆவணம் சுத்தம். நேற்று வேனில் போனவை எந்தக் குப்பிகள் என்று அனுப்புச் சீட்டைப் பார்த்தார். எல்லாம் இரண்டாவது பாட்டிலிலிருந்து நிரப்பிய கடைசி வரிசை.

"ஈரல் மின்னும் சார்" என்றார். "பரவியிருக்குன்னு நெனச்சிருவாங்க. இன்னிக்கு மூணு மணிக்கு டாக்டர் அவங்ககிட்ட பேசுதாரு."

பேசினால் என்ன சொல்வார் என்பது எங்கள் இருவருக்கும் தெரியும். ஆப்பரேஷன் கிடையாது, வீட்டுக்குக் கூட்டிப் போங்கள்.

நான் என்ன செய்தேன் என்று நேர்மையாகச் சொல்வதென்றால், அலமாரியைத் திறந்து பிறழ்வு அறிக்கைப் படிவத்தை எடுத்தேன். ஒன்பது பக்கம். வெளியாருக்குத் தெரிவிக்குமுன் மூன்று பிரிவுத் தலைவர்கள் கையெழுத்திட வேண்டும். அதில் ஒருவர் விடுப்பில் இருந்தார். மேசைக்கு எதிரே நின்ற அவர் அந்தப் படிவத்தை ஒரு கணம் பார்த்தார். ஜெல்லைப் பிளாஸ்டிக் உறையில் போட்டுக்கொண்டார்.

"நீங்க எழுதிக்கிட்டு இருங்க சார். நான் பஸ்ல போறேன்."

கார் சாவியை எடுத்துக்கொண்டு அவர் பின்னால் நடந்தேன். ஆஸ்பத்திரிக்கு மூன்று முறை போன் செய்தோம். மூன்று முறையும் டாக்டர் வார்டில் நோயாளிகளைப் பார்த்துக்கொண்டிருக்கிறார் என்றார்கள். பூந்தமல்லியில் ஒரு லாரி அச்சு முறிந்து குறுக்கே நின்றது. அவர் மடியில் ஜெல் உறையை வைத்துக்கொண்டு முன்கண்ணாடியையே பார்த்துக்கொண்டிருந்தார். நாற்பது நிமிடம் கழித்தே வண்டி நகர்ந்தது.

இரண்டே முக்காலுக்கு டாக்டரின் அறை. படம் ஏற்கெனவே விளக்குப் பெட்டியில் மாட்டியிருந்தது. ஈரல் முழுக்க மேகம்போல் வெளிச்சம்.

"பரவியிருக்கு. அதைத்தான் சொல்லப் போறேன்" என்றார் டாக்டர்.

"சொல்லாதீங்க டாக்டர்." அவர் ஜெல்லை விளக்குப் பெட்டியில் படத்துக்கு அருகிலேயே வைத்தார். "இந்த மேல் கோடு இருக்கக் கூடாது. வெட்டாத ஆன்டிபாடி. இது ஈரல்ல போய் உக்காரும். எங்க தப்பு."

டாக்டர் வெகுநேரம் பார்த்தார். "அப்ப ஈரல்ல நோய் இல்லைன்னு சொல்றீங்களா?"

அந்த இடத்தில் வேறு யாராயிருந்தாலும் ஆமாம் என்று சொல்லியிருப்பார்கள். நான் சொல்லியிருப்பேன்.

"இல்ல டாக்டர். இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். இந்தப் படத்த வச்சு யாரும் சொல்ல முடியாது. அத மட்டும்தான் நான் சொல்லுதேன்."

மறுபடி ஊசி போட வேண்டும். அதில் ஒரு பயம் இருந்தது. எங்கள் சரக்கு எலியின் உயிரணுக்களில் வளர்த்தது, ஒருமுறை உள்ளே போனபின் உடம்பு அதை எதிரியாகக் கருதத் தொடங்கலாம். அந்த வெறுப்பு வளர வாரம் பத்து நாளாவது ஆகும், செய்வதென்றால் உடனே செய்ய வேண்டும், தள்ளிப்போட்டால்தான் ஆபத்து என்றார் அவர். டாக்டர் ஒப்புக்கொண்டார். மூன்று மணிக்கு டிரைவரிடம், ஈரல் முழுக்க மின்னுகிறது, ஆனால் படம் சரியாக வரவில்லை, மறுபடி எடுக்க வேண்டும் என்று மட்டும் சொன்னார். வெள்ளிக்கிழமைக்குக் கேமராவை எப்படியோ பிடித்தார். முந்தைய பேட்ச்சின் குப்பிகளில், வெளியே அனுப்பாமல் மாதிரிக்கென்று பூட்டி வைத்தவை மிச்சம் இருந்தன. அதன் முதல் குப்பியையும் கடைசிக் குப்பியையும் அவர் அன்றிரவே ஜெல்லில் ஓட்டினார்.

வெள்ளிக்கிழமை ஊசி போடும் அறைக்கு வெளியே டிரைவரின் அக்கா சக்கர நாற்காலியில் இருந்தார். ஒல்லியாக, தலையைப் படிய வாரி, பூ வைத்திருந்தார். என்னோடு வந்தவரின் கையைப் பிடித்து இழுத்தார்.

"ஏம்மா, அன்னிக்கி படம் புடிக்கும்போ நான் ஆடிட்டனா? அதான் சரியா வர்லயா?"

"நீங்க ஆடலன்னு டாக்டர் சொன்னாருக்கா. தப்பு எங்ககிட்ட."

"தும்மல் வந்துச்சிம்மா ஒரு தபா. அடக்கிகினுதான் இருந்தேன்."

அவர் அக்காவின் கையைத் தடவிக்கொண்டே நின்றார்.

ஐந்து மணி நேரம் காத்திருந்தோம். இரண்டு முறை அக்காவைக் கழிவறைக்கு அனுப்பினார்கள். பிறகு கேமரா. திரையில் புள்ளி புள்ளியாகப் படம் சேர்ந்தது. முதலில் சிறுநீரகங்கள் இரண்டும் பளிச்சென்று வந்தன. அவை அப்படித்தான் வர வேண்டும், துண்டுகள் வெளியேறும் வழி. ஈரல் இருந்த இடத்தில் மங்கலான சாம்பல். நான் மூச்சு விட்டேன். அவர் விடவில்லை. கீழே, இடுப்பெலும்பின் இடப்பக்கம், கடுகளவில் ஒரு வெளிச்சம் திரண்டது. பக்கவாட்டில் திருப்பியும் எடுத்தார்கள். அது அங்கேயே இருந்தது. அது ஒன்றுதான் இருந்தது.

"ஒரே இடம்" என்றார் டாக்டர். "சர்ஜன்கிட்ட நானே பேசறேன். அடுத்த வாரமே திறந்துடலாம்."

வராந்தாவில் டிரைவரிடம் டாக்டரே சொன்னார். டிரைவர் சுவரில் சாய்ந்து அப்படியே குத்துக்காலிட்டு உட்கார்ந்துவிட்டார். டாக்டர் போனபின் முகத்தைத் துண்டால் துடைத்துக்கொண்டு எழுந்தார்.

"அப்போ மொதோ படம் எதுக்கு மேடம் அப்டி வந்துச்சி? ரெண்டு நாளா நான் சோறு துன்னல மேடம். அக்காவோட புள்ளைங்களுக்கு இன்னா சொல்றதுன்னு தெரியாம திரிஞ்சிகினு இருந்தேன்."

"வெட்டு ஒரு மணி நேரம் முன்னாடி நின்னு போச்சுண்ணே. அப்ப நான் பக்கத்துல இல்ல. இருந்தேன்னு கையெழுத்துப் போட்டேன். அதனாலதான் அந்தக் குப்பி வெளிய வந்துச்சு."

டிரைவர் அவரையே உற்றுப் பார்த்தார். "நீங்களா? நீங்க பாக்காம போட மாட்டீங்களே மேடம். யாரு போடச் சொன்னது?"

டிரைவர் உண்மையிலேயே மறந்திருந்தார். செவ்வாய்க்கிழமை காலை என் அறைக் கதவில் நின்று தான் சொன்ன எதுவும் அவர் நினைவில் இல்லை. அந்தக் காலையில் அவர் மனம் ஆஸ்பத்திரி பெஞ்சில் இருந்தது.

"யாரும் சொல்லலண்ணே" என்றார் அவர். "நானாத்தான் போட்டேன்."

டிரைவர் மெல்லத் தலையை ஆட்டினார். அவர் சொல்லி நான் கேட்ட ஒரே பொய் அது. அதை மறுத்துச் சொல்லக்கூடிய ஓர் ஆள் அந்த வராந்தாவில் இருந்தான். அவன் கார் சாவியைத் தேடுவதுபோல் சட்டைப்பையைத் தடவிக்கொண்டிருந்தான்.